முறைப்பாசனம்

ஒரகடத்தில் ஆயுதபூஜை போனஸ் போட்டதும்
அறிவுச்செல்வி ஒரு கைக்கடிகாரம் அனுப்பினாள்.
கடிகாரம் ஒன்று, ஆள் இரண்டு.
ஒற்றைத் தேதி அவருக்கு, இரட்டைத் தேதி எனக்கு,
வெண்ணாற்றுக்கு ஆறு நாள் காவிரிக்கு ஆறு நாள் என்று
தண்ணீர் விடுவார்களே, அதுபோல.
முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து வந்தால்
இரண்டு நாளும் அவருக்கே.
அதை நான் பிறகுதான் கவனித்தேன்.

ஆணா பெண்ணா என்று முதல் நாள் கேட்டது,
ஒரே ஒரு தடவை.
"பெண்ணுன்னு போடும்மா" என்றாள் மகள்.
கடைசியாக எப்போது என்றும் கேட்டது.
உத்தேசமாக ஒரு தேதி சொன்னேன்.
அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே உடம்பு.
இன்றைக்கு நாற்பது கிலோ மூட்டை சுமக்கும்,
நாளைக்குக் குனிந்து நாற்று நடும்.

நடவு அதற்குப் பிடிபடவில்லை.
முழங்கால் சேற்றில் பின்னால் பின்னால் நகரும்போது
கிர்ரென்று அதிர்ந்து
"வெகுநேரம் அசையாமல் இருக்கிறீர்கள்,
எழுந்து சற்று நடக்கலாமே" என்றது.
பக்கத்தில் நட்ட மாரிக்கண்ணு
சிரிப்பு தாங்காமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

நாற்பத்தேழாம் நாள், ஒற்றைத் தேதி.
கொள்முதல் நிலையத்தில்
ஈரப்பதம் பதினெட்டா பத்தொன்பதா என்று சண்டையாம்.
நடுவே அவர் மணிக்கட்டு துடித்திருக்கிறது.
பட்டியல் எழுதுகிற பையன் எட்டிப் பார்த்து
தமிழ்ப்படுத்தி, உரக்கவே வாசித்திருக்கிறான்:
மாதவிடாய் நாற்பது நாள் தாமதம்.
அன்று முழுக்க அவரை யாரும் மூட்டை தொட விடவில்லை.
"முழுகாம இருக்குற புள்ளய்யா, பாத்து எறக்குங்க."

கோபமாய் வருவார் என்று இருந்தேன்.
கலியமூர்த்தி கடிகாரத்தைக் கழற்றி
சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.
அதைப் பார்த்துத்தான் கேட்டார்:
"நாப்பது நாளாவா?"
இருபத்தாறு வருஷத்தில்
அந்தப் பேச்சை அவர் வாய் எடுத்தது அதுதான் முதல்.

நானும் படித்திருந்தேன்.
அவர் முறை வந்த இரவுகளிலெல்லாம்
ஐந்து விழிப்பு, ஆறு விழிப்பு.
கடிகாரம் சொன்ன வைத்தியம்:
உறங்குமுன் மெல்லிய இசை கேளுங்கள்.
இசை!
கொல்லையில் அவர் நின்றுகொண்டே இருப்பது
எனக்கல்லவா தெரியும்.
மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து,
முள்ளியாறு நிரம்பினாலும்
கடைமடைக்குச் சொட்டுச் சொட்டாய்.
"எத்தினி நாளா?" என்றேன்.
"போன வருஷக் குறுவையிலேருந்து."
ரசத்தை நான் எடுத்து ஊற்றினேன்.
அவர் வேண்டாம் என்று கை மறிக்கவில்லை.

திருவாரூர் பெரியாஸ்பத்திரியில்
அவருக்கு ஒரு வரிசை, எனக்கு ஒரு வரிசை.
"எத்தனை மாசம்?" என்றாள் சீட்டு எழுதுகிறவள், நிமிராமலே.
ஐம்பத்தோரு வயசு என்றேன்.
பேனா அந்தரத்தில் நின்றது.
எந்தக் கட்டத்தில் போடுவதென்று
அவளுக்கும் ஆணா பெண்ணாவுக்கு அப்புறம் தெரியவில்லை.

மகளிடம் எல்லாம் சொல்லவில்லை. கொஞ்சம் சொன்னேன்.
"பொம்பளைகளுக்குன்னே ஒண்ணு வந்திருக்கும்மா.
ரோஸ் பட்டை. எழுநூறு ரூவா கூட."
உள்ளே என்னடி வேற, என்றேன்.
அதைப் பூட்டுகிற வரிசையில் எட்டு மணிநேரம் நிற்கிறவள்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"பட்டைதாம்மா."

கேட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.
ஆணா பெண்ணா என்று கேட்கத்தான் வேண்டும்.
கேட்ட பிறகு
இன்னும் பத்து கேள்வி இருக்கிறது,
அதற்கு முன்பே திரையை மூடிக்கொண்டது.

இன்று பன்னிரண்டு. என் முறை.
இரண்டு மணிக்கு அவர் எழுந்து போனார்.
மார்கழிப் பனியில் ஜாக்கெட் தொப்பலாகி
நானும் பின்னாலேயே போய் வாழையடியில் நின்றேன்.
"வருதா?"
"மாத்திரைக்கு வருது, கொஞ்சம். ஒனக்கு?"
"எரியுது."
துண்டால் விசிறினார்,
இருட்டில் பாதி என்மேல், பாதி வாழைமேல்.
மணிக்கட்டில் வெளிச்சம் வந்தது:
இன்றைய கணக்கு, பதினோரு அடி.